நெட்டைக் குடும்பத்து ரத்தக்குழாய்

அந்தக் குடும்பத்துக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள வீடு வாசல் எதுவும் கிடையாது. உயரம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். கதவுக்குள் நுழையும்போது மட்டும் குனிந்தார்கள்.

அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். மேல் தட்டில் அடுக்கியிருக்கும் காகிதக் கட்டுகளை ஸ்டூல் போடாமலே இறக்குவார். அவருடைய தங்கை தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். அவளும் நெட்டை, குரலும் அதற்கு ஏற்ற குரல். அம்மா மட்டும்தான் அந்தக் கூட்டத்தில் குட்டை. கல்யாணப் போட்டோவில் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்திருப்பார்கள். அப்படியும் இரண்டு தலையும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டி அப்பா சிரிப்பாராம்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் அப்பாவை உரித்து வைத்தவள். இளையவன் அம்மா ஜாடை. பள்ளிக்கூடத்தில் மூத்தவளை ஒட்டகம் என்றார்கள். அவள் அழுதுகொண்டு வந்தபோது அப்பா தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். "இங்கேயிருந்து பாரு. அவங்களுக்கெல்லாம் இது தெரியுமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவள் அழவில்லை.

வளர்ந்து நகரப் பேருந்து ஓட்டுநர் ஆனாள். வேலையில் சேர்ந்த அன்று டிப்போவின் ஓய்வறையில் டியூப்லைட் போயிருந்தது. ஏணி எங்கே என்று மெக்கானிக் தேடிக்கொண்டிருந்தார். இவள் தரையில் நின்றபடியே கையை நீட்டிக் கழற்றி, புதியதை மாட்டிவிட்டாள். "ஏணி தானே நடந்து வந்துடுச்சு" என்றார் மெக்கானிக். பெயர் ஒட்டிக்கொண்டது. சின்னவர்களுக்கு ஏணியக்கா, பெரியவர்களுக்கு ஏணி. இரண்டு பெட்டிகளை நடுவில் மடிப்புத் துணியால் கோத்த நீளப் பேருந்தை அவளிடம்தான் கொடுப்பார்கள். ரவுண்டானாவில் அவள் அதைத் திருப்புகிற அழகைப் பார்க்க டீக்கடையில் நிற்பவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவார்கள். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "கழுத்து வலிக்காமப் பேசற மாதிரி ஒருத்தர் கிடைக்கட்டும்" என்பாள்.

ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு பீரோ இருந்தது. கனமான இரும்பு பீரோ. அது சுவரோடு சுவராக நிற்காமல் அறையின் குறுக்கே கோணலாக நின்றது. அதைச் சுற்றித்தான் எல்லோரும் நடந்தார்கள்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது நடந்தது அது. ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கிறது, அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள் என்று அம்மா சொன்னாள். அப்பா தோளைக் கொடுத்துத் தள்ளினார். பாதி நகர்ந்ததும் நிறுத்திவிட்டு, "முதுகுல யாரோ கிழிக்கிற மாதிரி இருக்கு" என்றார். தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துபோனார். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

துக்கத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவில் அத்தை அம்மாவைப் பார்த்து ஒன்று சொன்னாள். அவள் குரல் மெதுவாகப் பேசத் தெரியாத குரல். "நீங்க அந்த பீரோவை நகர்த்தச் சொல்லாம இருந்திருந்தா என் அண்ணன் இப்ப இருந்திருப்பான்."

அம்மா பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை ஆளாக்கினாள். யாரிடமும் எதையும் எடுத்து வை, தள்ளி வை என்று சொன்னதில்லை. குடம் ஆனாலும் மூட்டை ஆனாலும் தானே தூக்கினாள். மகன் வளர்ந்து பீரோவைச் சுவரோரமாகப் போடட்டுமா என்று கேட்டபோது, "வேண்டாம்பா, இருக்கட்டும்" என்றாள். அந்தப் பேச்சு அதோடு சரி. அத்தையும் அவளும் கல்யாணம் கருமாதியில் பார்த்துக்கொண்டால் தலையை ஆட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

ஓட்டுநர்களுக்கு நடக்கும் வழக்கமான கண் பரிசோதனைக்கு ஏணி ஒருநாள் போனாள். கொஞ்ச நாளாகவே வலது கண் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியை மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தாள். கண் டாக்டர் மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் கருவி வழியாக நெடுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு அவளுடைய கையைப் பார்த்தார்.

"கட்டை விரலை உள்ளே மடக்கிக் கையை மூடுங்க."

மூடினாள். கட்டை விரல் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. இது அவள் சின்ன வயதில் பிள்ளைகளுக்குக் காட்டி மிட்டாய் வாங்கித் தின்ற வித்தை. "இன்னொண்ணும் தெரியும் டாக்டர்" என்று சொல்லி, கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் மறு மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்து, நகம் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதைக் காட்டினாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் நடுவுல இல்ல. மேல ஒதுங்கியிருக்கு. அதைத் தாங்கற நூலெல்லாம் தளர்ந்திருக்கு. வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

"எங்கப்பா."

"எப்படி?"

"பீரோ நகர்த்தும்போது" என்றாள். சொன்ன பிறகுதான், இத்தனை வருஷமாகத் தானும் அதையே காரணமாகச் சொல்லி வந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

கண் டாக்டர் அவளை இதய டாக்டரிடம் அனுப்பினார். அங்கே நெஞ்சின் மேல் குளிர்ந்த களிம்பைத் தடவி எக்கோ எடுத்தார்கள். பிறகு ஸ்கேன். இதய டாக்டர் நடுத்தர வயது மனிதர். எதையும் வரைந்து காட்டினால்தான் அவருக்குப் பேச்சு வரும் போலிருந்தது. காகிதத்தில் இதயத்தை வரைந்து, அதிலிருந்து மேலே வளைந்து கீழே இறங்கும் ஒரு தடித்த குழாயைப் போட்டார்.

"இதுதான் மகாதமனி. இதயம் தள்ளற ரத்தம் அத்தனையும் முதல்ல இதுக்குள்ளதான் வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் இந்தச் சுவர் கொஞ்சம் விரிஞ்சு கொடுத்து, திரும்பப் பழையபடி சுருங்கணும். அந்த வேலைக்கு எலாஸ்டின்னு ஒரு புரதம் இருக்கு. அளவுக்கு மீறி விரிஞ்சிடாம இழுத்துப் பிடிக்கறதுக்குக் கொலாஜன்னு இன்னொரு புரதம். நல்ல சுவர்ல ரெண்டும் அடுக்கடுக்கா இருக்கும். வயசாக ஆக எல்லாருக்குமே எலாஸ்டின் கொஞ்சம் கொஞ்சமா நைஞ்சு குழாய் விறைச்சுப் போகும். அது இயற்கை. ஆனா உங்களுக்கு நடக்கறது வேற."

"சொல்லுங்க டாக்டர்."

"எலாஸ்டினை உடம்பு பெரும்பாலும் சின்ன வயசுலேயே செஞ்சு முடிச்சிடும். அப்புறம் புதுசா வராதுன்னே வச்சுக்கலாம். ஆயுசு முழுக்க அதை வச்சுத்தான் ஓட்டணும்."

"ஸ்பேர் கிடையாதா?"

"கிடையாது" என்றார் டாக்டர். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. "அந்த இழைங்களைக் கட்டி நிறுத்தறதுக்கு ஃபைப்ரில்லின்னு மூணாவதா ஒண்ணு இருக்கு. உங்க உடம்புல அதைச் செய்யற மரபணுக் குறிப்பிலேயே பிறவியில ஒரு பிழை. கட்டு சரியில்லாததால எலாஸ்டின் அங்கங்க அறுந்து போகுது. சுவர் மெல்ல மெல்ல அகலமாகுது. வலிக்காது, ஒண்ணும் தெரியாது. ரொம்ப அகலமாச்சுன்னா ஒருநாள் உள்பக்கம் கிழிஞ்சிடும். இதுக்கு மார்ஃபான்னு பேரு. கண் லென்ஸைத் தாங்கற நூலும் அதே ஃபைப்ரில்லின்தான். எலும்பு கட்டுக்கு மீறி நீளமா வளர்றதும் அதனாலதான்."

"அப்ப என் உயரம்?"

"அதுவும் அதே கதைதான்."

இதயத்தைப் பற்றிச் சொன்னபோது அசையாமல் இருந்தவளுக்கு, இதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. அப்பா தோளில் உட்கார வைத்துக் காட்டிய உயரம் அது. அதைப் போய் ஒரு வியாதியின் பட்டியலில் சேர்த்துவிட்டார்களே என்று இருந்தது. டாக்டர் அதைக் கவனித்துவிட்டார் என்றே தோன்றியது.

"நெட்டையா இருக்கறவங்க எல்லாருக்கும் இது இருக்காது. இது இருக்கறவங்க எல்லாரும் நோயாளி மாதிரி படுத்துக் கிடக்கறதும் இல்ல. கண்டுபிடிச்சுட்டா வழி இருக்கு. ரத்த அழுத்தத்தையும் துடிப்போட வேகத்தையும் குறைக்க மாத்திரை. உங்களுக்கு இப்பவே குழாய் அகலம் ஐந்து சென்டிமீட்டரை நெருங்கிடுச்சு, அப்பாவும் அப்படிப் போயிருக்காரு. அதனால ஆபரேஷனும் வேணும். கெட்டுப்போன பகுதியை எடுத்துட்டு நெய்த குழாய் ஒண்ணு வச்சுத் தைப்போம். கிழியறதுக்கு முன்னாடி செஞ்சா பெரும்பாலும் நல்லபடியா முடியும்."

வண்டி ஓட்டுவதை நிறுத்தச் சொன்னார். கூடப் பிறந்தவர்கள், அப்பா வழி ரத்த உறவுகள் எல்லோரையும் பார்க்க வேண்டும் என்றார். ஏணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எழுந்து கதவு வரை போனவள் திரும்பினாள்.

"டாக்டர், நாளைக்கு எங்கம்மாவைக் கூட்டிட்டு வரேன். எனக்குச் சொன்னதை அவங்களுக்கும் சொல்லணும்."

மறுநாள் அம்மா வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் படம் வரைந்து சொன்னதைக் கடைசி வரை கேட்டாள். மகளுக்கு ஆபத்து என்ன, ஆபரேஷன் எப்படி என்று எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில்தான் அதைக் கேட்டாள்.

"பீரோவை நகர்த்தச் சொன்னது நான்தான் டாக்டர். அதனாலதான் கிழிஞ்சுதா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று ஏணி நினைத்தாள்.

"பொய் சொல்ல மாட்டேன்மா" என்றார் டாக்டர். "இருக்கிற அறிகுறியைப் பார்த்தா மகாதமனிதான் கிழிஞ்சிருக்கணும். பலமா முக்கித் தள்ளும்போது ரத்த அழுத்தம் ஏறும். அன்னிக்குன்னு அது நடந்ததுக்கு அது ஒரு காரணமா இருந்திருக்கலாம். ஆனா நல்ல சுவர் பீரோவைத் தள்ளினா கிழியாது. அவர் சுவர் பல வருஷமா உள்ளுக்குள்ள நைஞ்சு வந்திருக்கு. அன்னிக்கு பீரோ இல்லேன்னா, இன்னொரு நாள் அச்சகத்துல ஒரு காகிதக் கட்டு. இல்லேன்னா சும்மா தூங்கி எழுந்திருக்கும்போது. அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அப்ப டாக்டருக்கே தெரியலையே."

அம்மா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சுவர்லயே கோளாறு" என்றாள் மெதுவாக. பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் படத்தை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகனைக் கூப்பிட்டாள். "பீரோவைச் சுவரோரமாப் போடு" என்றாள். அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவன் கேட்டதே இல்லை. எதிர்வீட்டுக்காரரையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, அடியில் சாக்கைப் போட்டு இழுத்தான். ஏணி உதவிக்கு வந்தபோது மூன்று பேரும் ஒரே குரலில் அதட்டி அவளை உட்கார வைத்தார்கள். பீரோ போன இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அறை முழுக்க விழுந்தது. அம்மா துடைப்பத்தை எடுத்து அந்த இடத்தைப் பெருக்கினாள்.

தம்பிக்கும் ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். அவனுக்கு அந்தப் பிழை இல்லை. "குட்டையாப் பிறந்ததுக்கு இன்னிக்குத்தான்க்கா முதல்முறையாப் பெருமைப்படறேன்" என்றான்.

மிச்சம் இருந்தது அத்தை. ஓய்வு பெற்று, தனியாக ஒரு மாடி வீட்டில் இருந்தாள். ஏணி போய் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். அறுபதைத் தாண்டியும் அவள் கூனாமல்தான் உட்காருவாள்.

"நம்ம குடும்பத்து உயரத்தைப் போய் வியாதிங்கறியா?"

"நான் சொல்லலை அத்தை. டாக்டர் சொல்றாரு."

"எங்கப்பா தெருவுல நடந்தா ஆளுங்க நின்னு பார்ப்பாங்க. என் அண்ணன் மாதிரி இந்த ஊர்ல ஒருத்தன் கிடையாது. எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஒரு தலைவலிக்குக்கூட நான் மாத்திரை போட்டதில்ல. நீ உடம்பைப் பார்த்துக்க. என்னை விட்டுடு."

ஏணி இரண்டு முறை போனாள். இரண்டாம் முறை அத்தை கதவைத் திறந்தபடியே நின்று பேசி அனுப்பிவிட்டாள். ஏணிக்குக் கோபமும் வந்தது, கூடவே அத்தை சொன்னது மனசுக்குள் இனிக்கவும் செய்தது. தானும் உள்ளூர அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் போறேன்" என்றாள் அம்மா.

"நீயா? உன் முகத்துலேயே கதவைச் சாத்துவாங்கம்மா."

"சாத்தட்டும். என் உயரத்துக்குச் சாவித் துவாரம் வழியாப் பேசிட்டு வரேன்."

ஏணி கூடப் போனாள். மாடிப்படி ஏறும்போது அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். கதவைத் திறந்த அத்தை, கீழே குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அத்தையின் வீட்டு வாசலுக்கு அம்மா வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அம்மா உட்காரவில்லை. டாக்டர் வரைந்த படத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்து வைத்தாள். "இதுல தப்பு இருந்திருக்கு. உங்க அண்ணனுக்குப் பார்க்க வழியில்லாமப் போச்சு. உங்களுக்கு இருக்கு. உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு வந்தா நீங்க சொன்னதுதான் சரின்னு நான் ஊர் முழுக்கச் சொல்றேன். வந்து ஒரு ஸ்கேன் எடுத்துக்குங்க."

அத்தை படத்தைப் பார்த்தாள். அந்தத் தடித்த குழாயின் மேல் விரலை வைத்தாள்.

"அண்ணனுக்கு வலி முதுகுலதான வந்துச்சு?" என்று கேட்டாள். அந்தக் குரல் அவளுடைய குரல் மாதிரியே இல்லை.

"ஆமா. கிழிக்கிற மாதிரின்னு சொன்னாரு."

"செருப்பைப் போட்டுட்டு வரேன்" என்றாள் அத்தை.

அத்தையின் குழாய் ஏணியுடையதைவிட மோசமாக விரிந்திருந்தது. ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஸ்கேன் பார்த்த கையோடு டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்ப மறுத்துவிட்டார். "தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்ல" என்று அவரிடமும் சொல்லிப் பார்த்தாள். "இனிமே போடுவீங்க" என்றார் அவர்.

முதலில் அத்தைக்கு ஆபரேஷன் ஆயிற்று. காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள், வெயில் சாய்ந்த பிறகுதான் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார்கள். தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றியதும் அம்மா பையோடு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தலை வாரிவிட்டாள், ஊட்டிவிட்டாள், இருமல் வந்தால் நெஞ்சில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். கட்டில் அத்தைக்குப் போதவில்லை, கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துக் காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

நர்ஸ் ஒருநாள் கேட்டார். "இவங்க உங்களுக்கு யாரும்மா? கூடப் பிறந்தவங்களா?"

அத்தைக்கு நெஞ்சில் தையல் இருந்தது. பேசினால் வலிக்கும். ஆனாலும் அந்தத் தொலைபேசி நிலையக் குரலை வார்டின் கடைசிக் கட்டில் வரை கேட்கும்படி எடுத்தாள். "இவங்க என் அண்ணி. நான் வரமாட்டேன்னு சொன்னேன். இவங்கதான் வந்து இழுத்துட்டு வந்தாங்க. இவங்க வரலேன்னா நான் இங்க இல்ல."

வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா தட்டை நீட்டினாள். "சாப்பாடு ஆறுது. சாப்பிடுங்க" என்றாள். ஏணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் ஏணியின் முறை வந்தது. குழாயின் வாயில் இருக்கும் இதய வால்வு அவளுக்கு நன்றாக இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டுக் குழாயை மட்டும் மாற்றினார்கள். மயக்கம் தெளிந்ததும் அம்மாவின் முகம்தான் முதலில் தெரிந்தது, அதற்கு மேலே அத்தையின் முகம். ஒன்று கீழேயும் ஒன்று மேலேயுமாக இருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. வலி சிரிக்க விடவில்லை.

தேறி நடக்க ஆரம்பித்ததும் இதய டாக்டரிடம் ஒரு ஆசையைச் சொன்னாள். "எடுத்த குழாயை நான் பார்க்கணும் டாக்டர். வண்டியில ஒரு பார்ட் மாத்தினா பழசைக் காட்டாம நாங்க விடமாட்டோம்."

டாக்டர் யோசித்துவிட்டு, கீழ்த்தளத்தில் திசுக்களைச் சோதிக்கும் டாக்டரிடம் அனுப்பினார். அவர் வயதான பெண்மணி. சிறிய அறை, சுவர் முழுக்க கண்ணாடித் தகடுகள் அடுக்கிய மரப்பெட்டிகள். ஏணி நுண்ணோக்கியில் பார்க்க முதுகை நன்றாக வளைக்க வேண்டியிருந்தது. அந்த அம்மாள் ஸ்டூலைக் கடைசி மட்டத்துக்கு இறக்கிக் கொடுத்தார்.

"முதல்ல நல்ல சுவர் எப்படி இருக்கும்னு பாருங்க. இது வேற ஒருத்தரோடது. எலாஸ்டின் கறுப்பாத் தெரியறதுக்குச் சாயம் போட்டிருக்கோம்."

கறுப்புக் கோடுகள் தெரிந்தன. ஒன்றன்கீழ் ஒன்றாக, லேசாக நெளிந்து, விடாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போயின. பார்க்க அழகாக இருந்தது.

"இது உங்களோடது."

தகட்டை மாற்றினார். ஏணி பார்த்தாள். அதே கறுப்புக் கோடுகள்தான். ஆனால் ஒன்றும் முழுதாகப் போகவில்லை. இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. நடுநடுவே எதுவுமில்லாத வெளிறிய திட்டுகள். சில இடங்களில் அறுந்த நுனிகள் சுருண்டு கிடந்தன.

"இப்படியா இருந்துச்சு?" என்றாள் கண்ணை எடுக்காமல்.

"இப்படித்தான் இருந்துச்சு."

"இதை வச்சுக்கிட்டா நான் இத்தனை வருஷம் அந்த நீள வண்டியை ஓட்டினேன்?"

"ஆமா. இருந்த கொஞ்சநஞ்சத்தை வச்சுக்கிட்டு அது தாங்கியிருக்கு" என்றார் அந்த அம்மாள். "நிமிஷத்துக்கு எழுபது தடவை, ராத்திரி பகல்னு பார்க்காம."

ஏணி மறுபடியும் பார்த்தாள். டாக்டர் முதன்முதலில் படம் வரைந்து சொன்ன அன்று, உடம்பு தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தாள். இப்போது அப்படித் தோன்றவில்லை. அறுந்துபோன அந்தக் கோடுகள் மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது. அவள் சிக்னலில் நின்றபோதும், மேம்பாலம் ஏறியபோதும், வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மழையில் பிரேக் போட்டபோதும், இது உள்ளே இருந்து பாடுபட்டிருக்கிறது. அப்பாவுடையதும் அப்படித்தான் கடைசிவரை பாடுபட்டிருக்கும். அப்பா உயரத்தில் மட்டுமில்லை, இதிலும் பலசாலிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"எங்க அத்தையோடதும் இங்க இருக்கா?"

இருந்தது. அதையும் காட்டினார். இன்னும் மோசமாக அறுந்திருந்தது. "அறுபது வருஷத்துக்கு மேல உழைச்சது" என்றார் அந்த அம்மாள். ஏணி வீட்டுக்குப் போய் அதை அத்தையிடம் சொன்னபோது, "பின்ன, யாரோட குழாய் அது" என்றாள் அத்தை.

கண் லென்ஸையும் சரிசெய்தார்கள். வேலைக்குத் திரும்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. நிர்வாகம் அவளை டிக்கெட் சோதிக்கும் வேலைக்கு மாற்றிவிடலாம் என்றது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரையைத் தவறாமல் போட்டாள், ஸ்கேன் எடுக்கச் சொன்ன போதெல்லாம் எடுத்தாள், கனம் தூக்குவதில்லை. மருத்துவக் குழு முன்னால் இரண்டு முறை போய் நின்றாள். இரண்டாம் முறை குழுவில் ஒருவர், "உங்களுக்கு எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே கொடுக்கிறோம்" என்றார்.

"பஸ்ஸும் உட்கார்ந்துதான் சார் ஓட்டறேன்" என்றாள் ஏணி.

எல்லா முடிவுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, குறைந்த நேர ஷிப்டில் ஓட்டலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும் என்று அனுமதித்தார்கள். டிப்போவில் அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. அவள் கதையைக் கேட்ட கண்டக்டர் ஒருவர், நெடுநெடுவென்று வளர்ந்த தன் அக்கா மகனைக் கூட்டிப்போய்ப் பரிசோதித்திருந்தார். அவனுக்கும் இதே கோளாறு, ஆனால் ஆரம்பம். மாத்திரையிலேயே வைத்திருக்கலாமாம். ஏணியைப் பார்த்ததும் கண்டக்டர் அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார்.

முதல் நாள் காலை ஷிப்டுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவும் அத்தையும் வழியில் ஏறினார்கள். ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. உள்கண்ணாடியில் அத்தையின் முகம் தெரிந்தது. அம்மாவின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. அத்தை ஏதாவது சொல்லி வண்டியையே கூட்டிவிடப் போகிறாள் என்று ஏணி எதிர்பார்த்தாள். அத்தை வாயே திறக்கவில்லை. சாலையைப் பார்த்தபடி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரவுண்டானா வந்தது. ஏணி வேகத்தைக் குறைத்து, முன்பெட்டியை வெளிவட்டத்துக்கு எடுத்து, பின்பெட்டி தானாக மடிந்து பின்தொடரும்படி ஒரே வளைவில் திருப்பினாள். எதுவும் உரசவில்லை, யாரும் சாயவில்லை. டீக்கடையில் யாரோ கையைத் தூக்கினார்கள்.

அப்போது அம்மாவின் குரல் கேட்டது. வாழ்க்கையில் யாரிடமும் உரக்கப் பேசியறியாத அம்மா, பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு முன்பின் தெரியாத பயணியிடம் சொன்னாள், "இந்த வண்டியை ஓட்டறது என் பொண்ணு."

அந்த ஆள் ஓட்டுநரைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "உங்க பொண்ணா? உங்களை மாதிரி தெரியலையேம்மா."

"உயரம் எல்லாம் அவங்கப்பா வீட்டோடது" என்றாள் அம்மா. "பிடிவாதம் மட்டும் என்னோடது."

அடுத்த நிறுத்தத்தில் ஆறேழு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ஏணி கண்ணாடியைப் பார்த்து, வண்டியை ஓரம் கட்டிக் கதவைத் திறந்தாள்.